விளக்குக்குப் போட்ட தொப்பி

மைசூரில் அந்த நாளில் தலையைவிடத் தலைப்பாகைக்குத்தான் மரியாதை. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் வந்தால் இதைவிட நன்றாகச் சொல்வேன். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த எந்த ஆண்பிள்ளையும் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை இல்லாமல் ஆபீஸ் வாசற்படி ஏற முடியாது. வெள்ளைத் துணி, கஞ்சி, ஓரத்தில் பொன் ஜரிகை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் தட்டிப் பார்த்ததில்லை. தட்டியிருந்தால் பாதி ஆபீஸ் காலியாகியிருக்கும்.

என் கணவரும் அப்படி ஒரு பேட்டாவைச் சுமந்துகொண்டிருந்தவர்தான். சர்க்கார் உத்தரவுகளுக்கு முதல் வரைவு எழுதுவது அவர் வேலை. மேலே கையெழுத்துப் போடுகிறவர் வேறு யாரோ. ஆனால் சமஸ்தானத்தின் எந்த மூலைக்குப் போகிற உத்தரவும் தன் பிள்ளையின் பேனாவில்தான் பிறக்கிறது என்று என் மாமியார் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வாள். கேட்டுக் கேட்டு அவரும் அதை நம்பிவிட்டார். நடையே மாறிவிட்டது. அப்புறம் நடப்பதே கௌரவக் குறைவாகப் போய்விட்டது.

யுத்தத்துக்குச் சற்று முன்பு, குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பினார். அவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை என் கணவர் வாங்கினார். எங்கள் தெருவில் அதுதான் முதல் மோட்டார் சைக்கிள். காலையில் அதைக் கிளப்புவதற்கு அவர் உதைக்கிற உதையில் எதிர்வீட்டுப் பசு இரண்டு நாள் பால் கறக்கவில்லை. அது ஒருநாளும் முதல் உதையில் கிளம்பாது. கிளம்பியதும் தெருவை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், இந்திரன் ஐராவதத்தின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விடுவேன்.

வண்டியோடு ஒரு தொப்பியும் வந்தது. ஹெல்மெட் என்ற பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தோல் தொப்பி என்போம். வெளியே தடித்த பழுப்புத் தோல், உள்ளே விரற்கடை கனத்துக்குத் தக்கை, காதை மூட இரண்டு மடல், தாடைக்கடியில் மாட்ட ஒரு வார். வண்டியைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்த மண்டி மொஹல்லா மெக்கானிக் அதைத் தன் கையாலேயே துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சாமி, வண்டியில எது போனாலும் நான் பாத்துக்கறேன். இத மட்டும் விட்டுடாதீங்க. தொரை மூணு வாட்டி விழுந்திருக்காரு. கை ஒடைஞ்சுது, காலு ஒடைஞ்சுது, மண்டை ஒடையல. இதாலதான்" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு வாசலில் அதுவரை யாரும் அவ்வளவு புத்தியான வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் போனதும் என் மாமியார் வெளியே வந்தாள். தொப்பியை மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தாள்.

"என்னடா அது, மாட்டுத் தோலா?"

"ஆமாம்மா. தலையில போட்டுக்கறது."

"தலையிலயா? பெருமாள் திருவடி சாத்திண்டிருக்கற நெத்தியிலயா? அபசாரம், அபசாரம்! நம்ம வம்சத்துல தலையில தோல் வெச்சுண்டவா உண்டோ?"

மேலுக்கோட்டையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் மைசூருக்கு வந்த ஐயங்கார் குடும்பம் எங்களுடையது. நெற்றியில் திருமண் இட்டால் அது பெருமாளின் பாதம். அதன்மேல் தோல் படக்கூடாது. சரி. நான் ஒன்று கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல். "ஏம்மா, அந்த வண்டியில உக்கார்ற இடமும் தோல்தானே?"

"அது கீழே. இது மேலே."

"மிருதங்கமும் தோல்தான். பெருமாளுக்கு முன்னாலேயே வெச்சு வாசிக்கறோமே?"

"அது நாதம்டீ. எதுக்கு எதை முடிச்சுப் போடறே?"

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? இருந்தும் ஒரு தீர்ப்பு வேண்டும் என்று என் மூத்தாரிடம் போனார்கள். மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணா, வீட்டுக்குப் பெரியவர். அவர் சாஸ்திரம் படித்தவர். படித்ததெல்லாம் அடுத்தவர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்பதுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: "போட்டுக்கலாம். ஆனா கழட்டினா ஸ்நானம் பண்ணணும். ஆபீஸ்ல கழட்டினா ஆபீஸ்ல ஸ்நானம், ஆத்துல கழட்டினா ஆத்துல ஸ்நானம்."

ஆபீஸில் யார் போய்க் குளிப்பது? என் கணவருக்கு அந்தத் தீர்ப்பு வெல்லமாக இனித்தது. அவருக்குத் தோலைப் பற்றிக் கவலையே கிடையாது, ஆசாரமும் கிடையாது. அவருடைய கவலையெல்லாம் பேட்டா. தொப்பியைப் போட்டால் பேட்டா வைக்க முடியாது. பேட்டா இல்லாமல் வண்டியில் போனால் போகிறது பெரிய உத்தியோகஸ்தர் என்று ரோட்டில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்?

"பேட்டாவை ஒரு பெட்டியில வெச்சு எடுத்துண்டு போங்கோளேன். ஆபீஸ் வாசல்ல மாத்திக்கலாம்" என்றேன்.

"வெறுந்தலையோட வாசல்ல நின்னு மாத்திக்கறதா? டவாலி போட்ட ஜவான்லாம் பாத்துச் சிரிக்கவா? உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்னே இரு."

சும்னே இருந்தேன், வாயை மூடிக்கொண்டு. அந்த வீட்டில் எனக்குக் கொடுத்த வேலைகளில் முக்கியமானது அது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்ப வழக்கப்படி, புருஷன் செத்தால் பத்தாம் நாள் பெண்டாட்டியின் தலையை மழித்துவிடுவார்கள். அப்புறம் மாதாமாதம் மழிப்பார்கள், சாகிற வரைக்கும். என் மாமியாருக்கு முப்பது வயதில் அது நடந்தது. முக்காட்டுக்குள் அவள் தலை எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பின்னினால் இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அவர் மண்டை உடைந்தால் என் மண்டை மொட்டை. அந்தத் தொப்பி அவர் தலைக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட என் தலைக்கு வேண்டும். இதை அந்த வீட்டில் யாரிடம் சொல்வது? சொன்னால், புருஷன் சாவதைப் பற்றிப் பேசுகிறாள், சண்டாளி என்பார்கள். ஆகையால் தொப்பி, தொப்பி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொப்பி செருப்பு விடுகிற இடத்தில் ஒரு வாரம் கிடந்தது. அந்தப் பக்கம் போனால் மாமியார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போவாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு போய் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கின்மேல் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. தாடை வாரை விளக்குக்கு அடியில் இழுத்து மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்று ரசித்தார்.

"பகல்ல கல்லு தெறிச்சு விளக்குக் கண்ணாடி ஒடஞ்சா வேற கெடைக்காது. சீமையிலேர்ந்து வரணும்" என்று எனக்கு விளக்கம் வேறு.

"உங்க தலை ஒடஞ்சா எங்கேர்ந்து வரும்?" என்றேன்.

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன? வீட்டில் எல்லோருக்கும் அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. மூத்தார்கூட வெளியே வந்து பார்த்து, "நல்ல யுக்தி" என்றார். இத்தனை படித்தவர்கள் ஒன்றாகக் கூடி, ஒரு தலைக்கான தொப்பியை விளக்குக்குப் போட்டு அழகு பார்த்தார்கள். என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பமாட்டேன். அன்றிலிருந்து அந்த வண்டி தினமும் இப்படிப் போயிற்று: விளக்குக்குத் தொப்பி, தலைக்குக் கஞ்சி போட்ட துணி. மெக்கானிக் ஒருநாள் கடைத்தெருவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். இதையும் இவர்தான் வந்து சொல்லிச் சிரித்தார்.

புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருகிறேன் என்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பினார். சேவைக்குப் பிறகு அங்கே ஒரு மேலதிகாரியையும் பார்க்க வேண்டுமாம். ஆகையால் பேட்டா. மாமியார் அதற்குள் ஒரு துளசி தளத்தைச் செருகி அனுப்பினாள். காற்று அன்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான். வேட்டி முழுக்க ரத்தம். கையில் என் கணவரின் பேட்டா. கொள்ளேகாலத்துக் குடியானவன், வெல்லம் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தவன். ரோட்டோரத்தில் மூட்டைகளையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு, இவரை வண்டியில் கிடத்திக்கொண்டு வந்திருக்கிறான். வழியில் ஒரு மோட்டார் கார் கிடைத்து, இவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, விலாசம் விசாரித்து எங்களிடம் வந்தான். யாரும் அவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எப்படி விழுந்தார் என்று கேட்டேன்.

"நான் எதுக்கால வந்துட்டு இருந்தனுங். காத்து ஒண்ணு வந்துச்சு, தலப்பா அவுந்து போச்சுங். வாலு மூஞ்சி மேல அடிச்சுது. அதப் புடிக்கோணும்னு சாமி கைய உட்டுட்டாருங். தலப்பா பறந்து கரும்புக்காட்டுல உளுந்துது. அதுக்கப்பறந்தான் வண்டி சாஞ்சு, மைல்கல்லுல போயி மண்ட இடிச்சுதுங்."

"பேட்டா முன்னாடியே பறந்துடுத்தா?"

"மொதல்லயே போயிருச்சுங்கம்மா. பாருங், ஒரு சொட்டு ரத்தமில்லை."

உண்மைதான். கரும்புச் சருகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மாமியார் அதை வாங்கி உள்ளே வைத்தாள். வண்டிக்காரன் தன் மூட்டைகள் என்ன ஆயிற்றோ என்று ஓடினான்.

அவருக்கு நாலு நாள் நினைவு வரவில்லை. நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். காலையில் ஒருதரம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். மூன்றாம் நாள் காலை கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, மூத்தாருக்குச் சவரம் பண்ண வந்திருந்த நாவிதர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். நல்ல மனுஷர். வீட்டில் இருக்கிற எல்லோரையும்விட மெதுவாகப் பேசுகிறவர்.

"அம்மாவரே, சின்ன ஐயாவுக்கு எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொல்றார்?"

"இன்னும் கண்ணு திறக்கலை" என்றேன். இவராவது விசாரிக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

"தேவரு, அந்தச் சாமிதான் காப்பாத்தணும். அதில்ல அம்மாவரே, சாமராஜநகரத்துல என் மச்சினிக்குக் கல்யாணம். நாளைக்குப் போனா வர்றதுக்குப் பதினைஞ்சு நாள் ஆகும். பெரிய ஐயா போகக்கூடாதுன்னுட்டார். பதினைஞ்சு நாளும் ஊர்லயே இருக்கணுமாம். அதான், ஐயாவுக்குக் குணமாய்டும்னா நான் போய்ட்டு வரலாமேன்னு..."

"அவருக்கு உடம்பு சரியில்லேன்னா நீ எதுக்கு ஊர்ல இருக்கணும்?"

அவர் கையிலிருந்த கத்திப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினைந்து நாளில் பத்தாம் நாள் ஒன்று வருகிறதல்லவா, அதற்கு.

அந்த ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.  உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒரு தொப்பி போட்டு அனுப்ப இவர்களுக்குத் துப்பில்லை. தோல் ஆகாது, ஸ்நானம் ஆகாது, பேட்டா கசங்கும். ஆனால் என் முடியை எடுப்பதற்கு ஆள் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று எவ்வளவு முன்ஜாக்கிரதை! அந்த வீட்டில் யாரும் எதற்கும் அவ்வளவு முன்யோசனையோடு ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை.

"நீ கல்யாணத்துக்குப் போப்பா. இந்த ஆத்துல உனக்கு வேலை இல்லை" என்றேன். அவர் கண் கலங்கிக் கும்பிட்டார். ஆனால் போகவில்லை, பெரிய ஐயாவிடம் பயம்.

நாலாம் நாள் சாயங்காலம் என் கணவர் கண் திறந்தார். முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்தது, "பேட்டா?" என்றார். சத்தியமாக. என் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்க்கிற வயசு எனக்கு அப்போதே தாண்டிவிட்டது, இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். இடது காது கேட்காது. நெற்றியிலிருந்து பின்மண்டை வரை ஒரு தழும்பு. வண்டியை மெக்கானிக் தூக்கிக்கொண்டுபோய்ப் பழுதுபார்த்துக் கொடுத்தார். கைப்பிடி வளைந்திருந்தது, பெட்ரோல் தொட்டி நசுங்கியிருந்தது. முன்விளக்கில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

அதைப் பார்த்தாவது புத்தி வரும் என்றா நினைக்கிறீர்கள்? பார்க்க வந்த ஜனங்களிடம் என் மாமியார் அந்தப் பேட்டாவை எடுத்துவந்து காட்டினாள். "பாருங்கோ, ஒரு கறை இல்லை. உள்ளே துளசி வெச்சிருந்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!" வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தலைப்பாகை போனது முதலில், தலைக்கு வந்தது அப்புறம் என்று வண்டிக்காரன் கண்ணால் பார்த்துச் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். "குடியானவன் பேச்சு" என்றார் மூத்தார். காது போன மனுஷரும் அந்தக் கேட்கிற காதால் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கற்பூரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கழுதைக்கு வாசனை தெரிந்துவிடுமா?

தை மாதம் ஒரு திங்கட்கிழமை மறுபடி ஆபீஸ். மறுபடி வண்டி. புதுப் பேட்டா, இன்னும் அகல ஜரிகை. விளக்குக்கு அதே தொப்பியை மாட்டிவிட்டு உள்ளே வந்தார், அம்மாவைச் சேவிக்க. மூத்தாரும் கூடத்தில் இருந்தார். நான் ஒரு காகிதமும் பேனாவும் கொண்டுவந்து என் கணவர் முன்னால் பலகையில் வைத்தேன். காகிதத்தில் இரண்டு வரி முன்னமே எழுதியிருந்தேன்: 'எனக்கு எது நேர்ந்தாலும் என் மனைவியின் தலைமுடியை யாரும் எடுக்கக்கூடாது. இது என் விருப்பம்.'

"என்ன இது?"

"உங்க தலை உங்க இஷ்டம். தொப்பி போட்டுக்கோங்கோன்னு இனிமே சொல்ல மாட்டேன். என் தலைக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வண்டியில ஏறுங்கோ."

 மாமியார் வாயைத் திறந்தாள். மூத்தார் கையைத் தூக்கி நிறுத்தினார். நான் அவரைப் பார்த்தேன். "நாவிதரை ஊர்ல இருக்கச் சொன்னேளே, அது எனக்குத் தெரியும்" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார்.

என் கணவர் உட்கார்ந்தார். காகிதத்தை எடுத்துப் படித்தார். உத்தியோக புத்தி எங்கே போகும்? பேனாவை எடுத்து, 'விருப்பம்' என்பதை அடித்துவிட்டு 'உறுதியான விருப்பம்' என்று திருத்தினார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அந்த மனுஷரிடம் பிரியம் வந்தது. பேனா காகிதத்தின் அடிப்பக்கத்துக்கு வந்தது. அப்போது அவர் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அவள் முக்காட்டை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அண்ணாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

வாசலுக்குப் போனார். மோட்டார் சைக்கிளை ஒரு கை பிடித்துப் பார்த்தார். உதைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உதைக்கவில்லை. பேட்டாவைச் சரிபண்ணிக்கொண்டு தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் என்றைக்கும். வண்டியை மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். பெண்டாட்டி சொன்ன ஒரு வார்த்தைக்காக வண்டியையே விட்டுவிட்டார், என்ன பிரியம் பாரு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மைல். போக இரண்டரை, வர இரண்டரை. ரிடையர் ஆகிற வரைக்கும் வெயிலிலும் மழையிலும் நடந்தார். கையெழுத்துப் போடுவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.